ரஷ்ய உள்நாட்டுப் போரில் அந்நியத் தலையீடு: வரைபடம் போட்டுப் படிக்கும் முறை

சேலத்தில் போட்டித் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்கு போல்ஷ்விக்குகளுக்கும் அவர்களை எதிர்த்த வெள்ளைப் படையினருக்கும் நடந்த ரஷ்ய உள்நாட்டுப் போரில் வெளிநாட்டுப் படைகள் தலையிட்ட இப்பாடத்தை நடத்தும்போது, எந்த நாடு எத்தனை வீரர்களை அனுப்பியது என்ற பட்டியலை முதலில் மனப்பாடம் செய்ய நான் விடுவதில்லை. ஒரு சார்ட் தாளில் அன்றைய ரஷ்யப் பேரரசின் எல்லையைப் பென்சிலால் வரைந்து, துறைமுகங்களை மட்டும் குறியுங்கள்: வடக்கே முர்மான்ஸ்க், ஆர்க்காங்கெல்ஸ்க்; தெற்கே ஒடெசா, நோவோரோசிஸ்க்; கிழக்குக் கோடியில் விளாடிவாஸ்டாக்.

அடுத்து, ஒவ்வொன்றின் அருகிலும் படைகள் வந்ததையும் போனதையும் எழுதுங்கள். முர்மான்ஸ்கில் பிரிட்டிஷார் 1918 மார்ச்சிலும், ஆர்க்காங்கெல்ஸ்கில் நேசநாட்டுப் (முதல் உலகப் போரில் ஜெர்மனியை எதிர்த்த பிரிட்டன், பிரான்ஸ் முதலிய நாடுகளின்) படைகள் அதே ஆண்டு ஆகஸ்டிலும் இறங்கினர். இரண்டிலிருந்தும் 1919 இலையுதிர்காலத்தில் வெளியேறினர். ஒடெசாவில் பிரெஞ்சுப் படை 1918 டிசம்பர் முதல் 1919 ஏப்ரல் வரையே நின்றது. 1918 மார்ச் 3 அன்று கையெழுத்தான பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க் உடன்படிக்கையையும் (போல்ஷ்விக் அரசு ஜெர்மனியோடு சமாதானம் செய்து உலகப் போரிலிருந்து விலகியது இதன்படிதான்) ஓரத்தில் எழுதி வையுங்கள். ஜார் அரசுக்கென்று நேசநாடுகள் அனுப்பிய தளவாடங்கள் துறைமுகங்களில் குவிந்து கிடந்தன. அவை ஜெர்மனியின் கைக்குப் போய்விடுமோ என்ற அச்சமும் தலையீட்டுக்கு ஒரு காரணம். பொதுவுடைமையை ஒடுக்கவே வந்தார்கள் என்று மட்டும் எழுதினால், என் கணக்கில் அது அரைவிடைதான்.

பிறகு சிவப்பு மையால் ரயில் பாதையை வரையுங்கள். சைபீரியாவில் வெள்ளைப் படைத் தலைவரான கோல்சாக்கின் தலைநகர் ஓம்ஸ்குக்குப் பிரிட்டிஷ் துப்பாக்கியும் சீருடையும் விளாடிவாஸ்டாக்கிலிருந்து ஏறத்தாழ 6,500 கிலோமீட்டர் ரயிலில் போக வேண்டும். சேலத்திலிருந்து சென்னைக்குப் போகும் தொலைவைப் போலப் பத்தொன்பது மடங்கு. அந்த ஒற்றைப் பாதையின் பெரும்பகுதி 1918 கோடையில் போல்ஷ்விக்குகளை எதிர்த்துக் கிளர்ந்த செக் படையணியின் பிடியில் இருந்தது. பாதையில் உள்ள சீட்டா நகரிலோ ஜப்பானின் ஆதரவு பெற்ற கொசாக் தலைவர் செம்யோனோவ் வண்டிகளை மறித்துத் தொல்லை கொடுத்தார். தெற்கில் வெள்ளைப் படைத் தலைவரான தெனீக்கினுக்கு நோவோரோசிஸ்க் வழியே பிரிட்டிஷ் டாங்கிகள் எளிதாக வந்திறங்கியும், 1920 மார்ச்சில் அந்தத் துறைமுகமே போல்ஷ்விக்குகளின் செம்படையிடம் வீழ்ந்தது.

மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது மத்திய ஆசியாவை. பிரிட்டிஷ் ஜெனரல் மாலசன் பாரசீகத்தின் (ஈரான்) மெஷெடிலிருந்து இயக்கிய படையில் 19ஆம் பஞ்சாப் படைப்பிரிவினரும் இருந்தனர். அஷ்காபாத் வட்டாரத்தில் நம் நாட்டுச் சிப்பாய்கள் செம்படையோடு மோதியதை இங்கே குறிக்க வேண்டும்.

ஜப்பானியர் விளாடிவாஸ்டாக்கை 1922 அக்டோபரில் விட்டாலும், வடக்கு சகாலினில் 1925 வரை இருந்தார்கள். அந்தத் தீவுக்காகத் தாளின் வலது ஓரத்தில் நான்கு விரற்கடை விட்டு வரையத் தொடங்குங்கள். சென்ற ஆண்டு வகுப்பில் பாதிப் பேர் விளாடிவாஸ்டாக்கோடு தாள் தீர்ந்துபோய் ஒட்டுத்தாள் தேடினார்கள்.