எலும்பு முட்டுகிறதா, சதை இழுக்கிறதா? யோகாவுக்கு முன் உங்கள் உடல்வாகைப் பார்த்துக்கொள்ளும் முறை

யோகா கற்க ஆரம்பித்த புதிதில் பத்மாசனத்தோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டினேன். "தினமும் பத்து நிமிஷம் முழங்காலை அழுத்துங்க, தானா இறங்கிடும்" என்றார் சொல்லிக்கொடுத்தவர். இறங்கவில்லை. இடது முழங்காலின் உள்பக்கம் வலிதான் வந்தது. எனக்குப் பின்னால் சேர்ந்த ஒருவர் மூன்றாம் நாளே சம்மணம் போடுகிற மாதிரி சர்வசாதாரணமாகப் பத்மாசனத்தில் உட்கார்ந்தார். அவருடைய இடுப்பு மூட்டின் அமைப்பு அப்படி. என்னுடையது வேறு. இது புரிய எனக்கு ரொம்ப நாள் ஆனது.

உடல்வாகு என்றதும் ஒல்லி, குண்டு, கட்டுமஸ்து என்று மூன்றாகப் பிரிப்பார்கள். 1940-களில் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் பிரபலமாக்கிய பிரிவு இது. உடலை வைத்துக் குணத்தையும் சொல்லிவிடலாம் என்றார். அதை இன்று யாரும் ஏற்பதில்லை. வாதம், பித்தம், கபம் என்று பார்ப்பவர்களும் உண்டு. எதை வைத்துப் பார்த்தாலும், மலாசனத்தில், அதாவது குந்தி உட்காரும்போது, உங்கள் குதிகால் ஏன் தூக்குகிறது என்பதற்கு அதில் பதில் கிடைக்காது. தொடை எவ்வளவு நீளம், கை எவ்வளவு நீளம், மூட்டு எந்தப் பக்கம் சுழலும் என்பதில்தான் பதில் இருக்கிறது. அதை வீட்டிலேயே அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

ஒரு மேட், ஒரு சுவர், கெட்டியாக மடித்த போர்வை, பேப்பர், பேனா. இவ்வளவு போதும். ஒவ்வொரு படியிலும் கண்டதைப் பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள். நடந்து உடம்பைக் கொஞ்சம் சூடாக்கிக்கொண்டு ஆரம்பியுங்கள். மூட்டில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள், முதுகுத்தண்டில் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யவும்.

படி 1: இரண்டு உணர்வுகளைப் பிரித்தறியுங்கள்

மற்ற எல்லாப் படிகளுக்கும் இதுதான் அடிப்படை, அவசரப்படாதீர்கள். மல்லாந்து படுத்து, வலது முழங்காலை இரு கைகளாலும் பிடித்து நேராக மார்பை நோக்கி இழுங்கள். ஒரு கட்டத்தில் நின்றுவிடும். எங்கே தடுக்கிறது என்று கவனியுங்கள். புட்டத்திலோ தொடையின் பின்பக்கமோ நீளமாக இழுத்தால், அது சதையின் இழுப்பு. தொடையும் வயிறும் சேரும் மடிப்பில், உள்ளே ஏதோ கிள்ளுவதுபோல இருந்தால், அது முட்டல்.

இப்போது முழங்காலை விட்டுவிடாமல், வலது அக்குளை நோக்கிச் சாய்த்து இழுங்கள். முட்டல் இருந்தவர்களில் பலருக்கு இங்கே கால் இன்னும் இரண்டு மூன்று விரற்கடை உள்ளே வரும். தொடை எலும்பின் கழுத்து (மேல்முனை உருண்டைக்குக் கீழே உள்ள குறுகலான பகுதி), இடுப்புக் குழியின் விளிம்பில் போய் இடிப்பது தவிர்க்கப்படுகிறது, அவ்வளவுதான். உங்களுக்கும் அப்படி என்றால், முன்னால் குனியும் எல்லா ஆசனங்களிலும் பாதங்களைச் சேர்த்து வைக்காமல் இடுப்பு அகலத்துக்கோ அதற்குச் சற்று மேலோ வையுங்கள்.

இழுப்பு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பழகப் பழகத் தளரும். எலும்பின் முட்டல் தளராது. அங்கே அழுத்த அழுத்த, பக்கத்து மூட்டுதான் விலை கொடுக்கும். என் முழங்கால் கொடுத்த மாதிரி.

படி 2: இடுப்பு எந்தப் பக்கம் சுழல்கிறது?

குப்புறப் படுத்து, முழங்கால்களைச் சேர்த்து வைத்து, பாதங்கள் கூரையைப் பார்க்கும்படி கால்களை மடக்குங்கள். இரு பாதங்களையும் வெளிப்பக்கமாகச் சாயவிடுங்கள். எவ்வளவு சரிகிறது? அப்புறம் ஒவ்வொரு காலாக, மற்றக் காலின் பக்கம் உள்ளே சாயவிடுங்கள்.

வெளியே தாராளமாகச் சரிந்து, உள்ளே கொஞ்சம்தான் போகிறது என்றால், உங்கள் தொடை எலும்பு உட்புறமாகச் சுழல்வதற்கு ஏற்ற அமைப்பு (பாதம் வெளியே சாயும்போது தொடை உள்ளேதான் சுழல்கிறது). முழங்காலை மடக்கி உட்காரும் வஜ்ராசனம், வீராசனம் சுலபம், பத்மாசனம் கஷ்டம். தலைகீழாக இருந்தால் சம்மணமும் பத்மாசனமும் சீக்கிரம் வரும். தொடை எலும்பின் கழுத்து முன்பக்கமாகத் திரும்பியிருக்கும் அளவு இதற்கு ஒரு முக்கியக் காரணம். குழந்தை பிறக்கும்போது அது 30 முதல் 40 பாகை வரை இருக்கும். வளர்ந்தபின் சராசரியாக 15 பாகைக்கு இறங்கும். ஆனால் ஆளுக்கு ஆள் நிறையவே மாறும். வலது காலுக்கும் இடது காலுக்கும் மாறினாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

உள்ளே போகாதவர்கள் போர்வையை உயரமாக மடித்து அதன்மேல் சாதாரணச் சம்மணம் போட்டால் போதும். தியானத்துக்கும் மூச்சுப் பயிற்சிக்கும் அதில் ஒரு குறையும் இல்லை.

படி 3: கையும் உடம்பும்

சுவரில் முதுகு ஒட்டக் கால் நீட்டி, தண்டாசனத்தில் உட்காருங்கள். உள்ளங்கைகளை இடுப்புக்குப் பக்கத்தில் தரையில் வையுங்கள். தோளைத் தூக்காமல், முழங்கையும் மடங்காமல் உள்ளங்கை சரியாகப் பதிகிறதா? விரல் நுனி மட்டும் தொடுகிறதா? இல்லை, முழங்கை மடங்கி நிற்கிறதா?

விரல் நுனி மட்டும் தொடுபவர்கள், உடம்பைத் தரையிலிருந்து தூக்கும் ஆசனம் வரவில்லை என்றதும் "எனக்குக் கையில் பலம் இல்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். பலம் இருக்கும், நீளம்தான் இல்லை. கைக்கு அடியில் ஒரு பிளாக் (செங்கல் மாதிரியான யோகா கட்டை) வைத்துத் தூக்கிப் பாருங்கள், சிரித்துவிடுவீர்கள். இந்தப் பிளாக்கையும் பெல்ட்டையும் யோகாவில் பரவலாக்கியவர் புகழ்பெற்ற யோகா ஆசான் பி.கே.எஸ். ஐயங்கார். ஆகவே அதை எடுப்பது கௌரவக் குறைவு என்று நினைக்கத் தேவையில்லை.

இன்னொன்று. கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தாசனத்தில் கால் விரலைத் தொட்டவர் எல்லாம் வளைபவர் இல்லை. நீளக் கை இருந்தால் முதுகைக் கூன் போட்டபடியே தொட்டுவிடலாம். குட்டைக் கைக்காரர் இடுப்பிலிருந்து அழகாகக் குனிந்தும் கணுக்காலோடு நின்றுவிடுவார். ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டிப் பிடித்துக்கொண்டால் அவருக்கு வேலை முடிந்தது.

படி 4: தலைக்கு மேலே இடைவெளி

இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, எதிரெதிர் முழங்கைகளைப் பிடியுங்கள். முன்கைக்கும் உச்சந்தலைக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா? முன்கை தலைமேலேயே உட்கார்ந்தால், தலைகீழாக நிற்கும் சிரசாசனத்தில் பாரம் முழுக்கக் கழுத்தில் இறங்கும். அப்படிப்பட்டவர்கள் அந்த ஆசனத்தையே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. இடைவெளி நிறைய இருந்தால் தலை தரையைத் தொடாது, அடியில் போர்வை வேண்டும். உயர் ரத்த அழுத்தம், கிளாக்கோமா (கண் அழுத்த நோய்), கழுத்துப் பிரச்சினை இருப்பவர்களுக்கு அளவே தேவையில்லை, சிரசாசனம் வேண்டாம்.

படி 5: குந்தி உட்காருங்கள்

மலாசனத்தில் குதிகால் தூக்கினால் படி 1-இன் கேள்வியையே கேளுங்கள். கெண்டைச்சதை இழுத்தால் பழகலாம். கணுக்காலின் முன்பக்கம் இடித்தால் குதிகாலுக்கு அடியில் போர்வையைச் சுருட்டி வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். தொடை நீளமாகவும் உடம்பு குட்டையாகவும் இருப்பவர்கள் பின்னால் விழாமல் இருக்க முன்னால் சாய்ந்தே ஆகவேண்டும். அது தப்பில்லை.

படி 6: மூட்டு ரொம்ப இளக்கமா?

கட்டைவிரலை மடக்கினால் முன்கையைத் தொடுகிறதா, சுண்டுவிரல் பின்னால் 90 பாகைக்கு மேல் வளைகிறதா, முழங்கையும் முழங்காலும் நேர்கோட்டைத் தாண்டி 10 பாகைக்கு மேல் பின்னால் போகிறதா என்று பாருங்கள். வலம், இடம் தனித்தனியாக ஒவ்வொரு மதிப்பெண். முழங்கால் மடங்காமல் குனிந்து உள்ளங்கை தரையில் பதிந்தால் இன்னொன்று. ஆக மொத்தம் 9. இதற்கு பெய்ட்டன் அளவை என்று பெயர். பெரியவர்களுக்குப் பொதுவாக 5-உம் அதற்கு மேலும் வந்தால் இளகிய மூட்டு என்று கொள்வார்கள்.

வகுப்பில் கைதட்டு வாங்குபவர்கள் இவர்கள்தான்; அடிபடுபவர்களும் இவர்களே. இவர்களுக்கு என் ஆலோசனை மற்றவர்களுக்குச் சொன்னதற்கு நேர்மாறு: போகமுடிந்த தூரத்துக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்துங்கள், முழங்கையை மயிரிழை மடக்கி வையுங்கள், சதையை இறுக்கிப் பிடியுங்கள்.

படி 7: சதைப்பற்று

வயிறு பெரிதாக இருந்தால் மண்டியிட்டுக் குனிந்து நெற்றியைத் தரையில் வைக்கும் பாலாசனத்தில் முழங்கால்களை விரித்து, வயிற்றுக்கு இடம் விடுங்கள். முன்னால் குனியும்போது வயிற்றுச் சதையைக் கையால் மேலே நகர்த்திவிட்டுக் குனியலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. தொடை பருத்தவர்களுக்குக் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைச் சுற்றும் கருடாசனத்தில் பாதம் கெண்டைக்காலுக்குப் பின்னால் போய்ச் சுற்றாது; விரல் நுனியைத் தரையில் ஊன்றினால் சரி. தோள் சதை திரண்டவர்கள் கையும் காலும் ஊன்றி இடுப்பை மேலே தூக்கும் அதோமுக சுவானாசனத்தில் கைகளை அகலமாக வைக்கட்டும். ரொம்ப ஒல்லியானவர்களுக்கு முதுகெலும்பு தரையில் உறுத்தும். மேட்டை இரண்டாக மடியுங்கள்.

கடைசியாக, எழுதி வைத்த பேப்பரை அடுத்த வகுப்பில் ஆசிரியரிடம் காட்டுங்கள். என் பேப்பரில் இடது இடுப்புக்கு நேராக "உள்ளே போகாது" என்று இருக்கிறது. இப்போது சொல்லிக்கொடுப்பவர் அதைப் பார்த்துவிட்டு, பேசாமல் இன்னொரு போர்வையை எடுத்துக் கொடுத்தார்.