இன்சுலினை வீட்டில் எங்கே வைப்பது?

சுங்கை சிப்பூட் பக்கம் மத்தியான வெயில் எப்படி அடிக்கும் என்று சொல்லவே வேண்டாம், தகரக் கூரை போட்ட தோட்ட வீட்டுக்குள் 30 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அதனால் கிளினிக்கில் இன்சுலினை வாங்கியதும் மோட்டார் சீட்டுக்கடியில் போட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போகாதீர்கள், நேராக வீட்டுக்கு வாருங்கள்.

திறக்காத இன்சுலின் பேனா (மருந்து நிரப்பிய, பேனா வடிவ ஊசி) ஐஸ்பெட்டியில், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நடுத்தட்டுதான் நல்லது. கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடு ஏறும். ஐஸ் கட்டும் அறைக்குப் பக்கத்தில் வைத்து உறைந்துவிட்டால், உருக்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், அது குப்பைதான்.

உபயோகத்தில் உள்ள பேனா வெளியே இருக்கலாம், ஆனால் 30 டிகிரிக்குள். பெரும்பாலானவை 4 வாரம் தாங்கும், சிலவற்றுக்கு வேறு கணக்கு, பெட்டியிலுள்ள தாளைப் பாருங்கள். திறந்த தேதியைப் பேனாவிலேயே எழுதி ஒட்டுங்கள். ஊசியைக் கழற்றிவிட்டு மூடி வையுங்கள்.

கரண்ட் போனால்? ஐஸ்பெட்டியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். நேரம் இழுத்தால் ஈர மண்பானைக்குள், தண்ணீர் படாத டப்பாவில் வைக்கலாம், நம் பாட்டிமார் தண்ணீரைக் குளிர வைத்த அதே வித்தைதான்.

அப்புறம், தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தால் போடாதீர்கள், மருந்தாளரிடம் காட்டுங்கள்.