பழைய கேம்பர் வேனில் பின் இருக்கைக்கு சீட் பெல்ட் பொருத்துவது எப்படி?

இளையாற்றங்குடியில் தொடங்கிப் பிள்ளையார்பட்டி வரை நகரத்தாரின் ஒன்பது கோயில்களையும் குடும்பத்தோடு சுற்றிவர வேனைப்போல வசதி வேறில்லை. பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, பின்னால் மெத்தை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓட்டுநருக்கு பெல்ட் இருக்கும். பின்னால் அப்பத்தாவும் பேரப்பிள்ளைகளும் பலகைப் பெட்டிமேல் விரித்த மெத்தையில் உட்கார்ந்து வருவார்கள். 50 கி.மீ. வேகத்தில் வேன் எதிலாவது மோதி நின்றால், பெல்ட் இல்லாதவருக்கு அது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நம் வீட்டு மாடிமுகப்பின் விளிம்பில் பிள்ளையை நிற்கவைக்க யாருக்காவது மனம் வருமா?

பெல்ட் வாங்குவது சுலபம். அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதில்தான் உயிர் இருக்கிறது.

முதலில் இருக்கையைப் பாருங்கள்

பக்கவாட்டில் நீளமாகப் போட்ட பெஞ்சுக்கு பெல்ட் மாட்டிப் பயனில்லை. மோதும்போது இடுப்பு நின்றுவிடும், உடம்பும் கழுத்தும் பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு போகும். அந்த பெஞ்சு வண்டி நிற்கும்போது சாப்பிடவும் படுக்கவும் மட்டும் இருக்கட்டும். வண்டி ஓடும்போது ஆள் உட்கார, முன்னோக்கிப் பார்க்கும் இருக்கை வேண்டும். அதே மாடல் வண்டிக்கென்று தொழிற்சாலையில் செய்த, பெல்ட்டோடு வரும் இருக்கை கிடைத்தால் அதுவே சிறந்தது. பிளைவுட் பெட்டியில் திருகாணி போட்டு பெல்ட்டை மாட்டுவது, மாட்டாததைவிட மோசம். பாதுகாப்பு இருப்பதாக நம்பவைத்துவிடும்.

தலைசாய்ப்பானும் இருக்க வேண்டும். அதன் உச்சி தலையுச்சிக்கு நிகராகவும், தலைக்கும் அதற்கும் இடையே இடைவெளி குறைவாகவும் இருந்தால்தான் பின்னாலிருந்து வண்டி மோதும்போது கழுத்தைக் காப்பாற்றும்.

தரையைத் திறந்து பாருங்கள்

இந்த வேலையை அவசரமில்லாமல் நீங்களே செய்யலாம். மெத்தை, ரப்பர் விரிப்பு, பலகை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தகரத்தை ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும்; துரு தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும், செதில் செதிலாக உதிரும். தொண்டி, தேவிபட்டினம் என்று கடற்கரை ஊர்களில் நின்ற வண்டியானால் சக்கர வளைவுகளையும் கதவடிப் பகுதியையும் இரண்டு முறை பாருங்கள். துரு இருக்கும் இடத்தில் நங்கூரம், அதாவது பெல்ட்டின் முனையை வண்டியோடு பிடித்து நிறுத்தும் பொருத்து, போடவே கூடாது. அழுகிய தகரத்தை வெட்டி எடுத்துப் புதிதாக வைத்த பிறகுதான் அடுத்த வேலை.

பக்கத் தூண்களின் உள் உறையையும் கழற்றிப் பாருங்கள். சில வண்டிகளில் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் தொழிற்சாலையே மரையிட்ட துளை வைத்திருக்கும். உலகெங்கும் சீட் பெல்ட்டுக்கு வழக்கமான அளவு 7/16 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 20 மரை. கைக்குக் கிடைத்த 12 மி.மீ. போல்ட்டை அதில் திணித்தால் மரையே போய்விடும். சரியான போல்ட் விரலாலேயே பல சுற்று தடையில்லாமல் ஏறும்.

நங்கூரம்

துளையிடுவதையும் வெல்டிங்கையும் அனுபவமுள்ள பாடி கட்டும் பட்டறையில் கொடுங்கள். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள். சேஸிஸின் (வண்டியின் அடிச்சட்டகம்) குறுக்குச் சட்டத்தோடு சேர்ந்த இடமே முதல் தேர்வு. வெறும் தரைத் தகரத்தில் போல்ட்டும் வாஷரும் மட்டும் போட்டால், இழுப்பு வரும்போது வாஷர் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அடியில் குறைந்தது 3 மி.மீ. தடிமனுள்ள இரும்புத் தகடு, உள்ளங்கை அகலத்தில், மூலைகள் மழுக்கி, இருபுறமும் பிரைமர் அடித்து வைக்கச் சொல்லுங்கள். டிரில்லை எடுப்பதற்கு முன் அடியில் படுத்து, டீசல் தொட்டி, பிரேக் குழாய், வயர் எங்கே போகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்வது கட்டாயம்.

இடுப்புப் பட்டை மேல்தொடையை அழுத்திப் போக வேண்டும், வயிற்றின் மேல் ஏறக்கூடாது. அதற்கு, பட்டை நங்கூரத்துக்கு இறங்கும் கோணம் தரைக்கு 30 முதல் 80 பாகைக்குள் இருக்க வேண்டும். 45-ஐ ஒட்டியும் அதற்குச் சற்று மேலும் நல்லது. தோள் நங்கூரம் தோள் உயரத்திலோ அதற்கு மேலோதான். கீழே இருந்தால் மோதும்போது முதுகெலும்பை அழுத்திவிடும்.

பெல்ட்டும் சோதனையும்

1959-இல் வோல்வோவின் நில்ஸ் போலின் வடிவமைத்த மூன்று முனை பெல்ட்தான் வேண்டும். பழைய இரும்புக் கடையில் கழற்றி விற்கும் பெல்ட் வேண்டாம். விபத்தில் ஒருமுறை இழுபட்ட நாடா கண்ணுக்கு நல்லதாகவே தோன்றும், ஆனால் வலு போயிருக்கும். நாடா சுருளும் பெட்டியை அது வடிவமைக்கப்பட்ட சாய்விலேயே பொருத்த வேண்டும். சாய்வு மாறினால் நாடா வெளியே வரவே மறுக்கும். பொருத்திய பின் மெதுவாக இழுங்கள், வர வேண்டும். வெடுக்கென்று இழுங்கள், பூட்டிக்கொள்ள வேண்டும்.

சுமையும் சிலிண்டரும்

பித்தளை அண்டா, அடுப்பு, சிலிண்டர் எல்லாம் தனி நாடாவால் தரையோடு கட்டப்பட வேண்டும். இருக்கைக்குப் பின்னால் இரும்புக் கம்பித் தடுப்பும் இருக்க வேண்டும். ஓடும்போது சிலிண்டர் நிமிர்ந்து நிற்கட்டும், ரெகுலேட்டர் மூடியிருக்கட்டும்.

தாள் வேலை

இருக்கை எண்ணிக்கையோ அமைப்போ மாறினால் அது வாகன மாற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைப் பற்றியது. வேலை தொடங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, ஆர்.சி.யில் பதிந்துகொள்ளுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவியுங்கள். பெல்ட் அணியாவிட்டால் 194பி பிரிவின்படி அபராதம் 1,000 ரூபாய். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். சிறு பிள்ளைகளுக்குக் குழந்தை இருக்கை தனியாக வேண்டும். மடியில் வைத்து ஒரே பெல்ட்டை இருவருக்கும் போட்டால் பெரியவரின் எடையே பிள்ளையை நசுக்கிவிடும்.