பீரோ மேல தூங்குற பேஸ் கிடார்: விக்கறதா, வெச்சுக்கறதா?

போன கார்த்திகை மழைல ஒரு ஞாயித்துக்கிழமை பீரோ மேல இருந்து பேஸ் கிடார் (பாட்டுக்கு அடில தாழ்ந்த சுருதி வாசிக்கற கிடார்) பேகை இறக்கினேன். ஜிப்பு பாதில நின்னுக்கிச்சு, இழுத்துத் தொறந்தா தோல் ஸ்ட்ராப் முழுக்க மாவு தூவின மாதிரி பூஞ்சணம், நாலு கம்பியும் பழுப்பேறிக் கெடக்கு, தொட்டா விரல்ல ஆணி வாசம். கோயமுத்தூர்ல காலேஜ் படிக்கறப்ப ஆர்கெஸ்ட்ராவுக்காக வாங்கினது, கோத்தகிரிக்குத் திரும்பி வந்தப்புறம் வருஷத்துக்கு எத்தன தடவ எடுத்தேன்னு எண்ண ஒரு கை போதும், அதுலயும் விரல் மிஞ்சும். வீட்டுல "வித்துத் தொலைங்க, அந்த எடத்துல கம்பளியாச்சும் வெக்கலாம்"னு சொல்லிட்டாங்க.

இதே நெலமைல இருக்கறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், துருப்பிடிச்ச கிடாரக் கையில வெச்சுக்கிட்டு முடிவெடுக்காதீங்க. அந்தக் கம்பில ரெண்டு நிமிஷம் வாசிச்சா யாருக்கும் வெறுத்துரும், ஆசையே போயிருச்சுன்னு நீங்களா நெனச்சுக்குவீங்க, வாங்க வர்றவனும் அதக் காட்டியே பாதி வெலைக்குக் கேப்பான். நான் அப்படியே கீழ ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போய் அவங்க சொன்ன வெலையக் கேட்டுட்டு பேசாம திரும்பி பஸ் ஏறினவன், அதனால சொல்றேன். விக்கறதா இருந்தாலும் வெக்கறதா இருந்தாலும் புதுக் கம்பி செலவு செலவுதான், மொதல்ல மாத்திருங்க.

கம்பி மாத்தினதும் கழுத்தப் பாருங்க, நம்ம ஊர் ஈரத்துக்கு மரம் ஊதும், பங்குனி வெயில்ல காயும், நாலு கம்பியும் சேந்து 70 கிலோவுக்கு மேல இழுத்துக்கிட்டே வேற இருக்கு, வளையாம என்ன பண்ணும். இருக்கறதுலயே தடியான ஈ கம்பிய ஒரு கையால மொதல் ஃப்ரெட்லயும் (கழுத்துல குறுக்க பதிச்சிருக்கற உலோகப் பட்டிதான் ஃப்ரெட்) இன்னொரு கையால கடைசி ஃப்ரெட்லயும் அழுத்திப் புடிச்சுக்கிட்டு ஏழாவது எட்டாவது ஃப்ரெட் மேல கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல எவ்ளோ சந்து இருக்குன்னு பாருங்க. விசிட்டிங் கார்டு லேசா நுழைஞ்சா போதும். சந்தே இல்லாம ஒட்டிக்கிட்டு இருந்தா கழுத்து பின்பக்கம் வளைஞ்சிருக்கு, ஒத்த ரூபா காசு நுழையற அளவு இருந்தா முன்னாடி வளைஞ்சிருக்கு. ஆலன் கீ போட்டு, கழுத்து வளைவச் சரிபண்ண உள்ள வெச்சிருக்கற டிரஸ் ராடுங்கற இரும்புத் தண்ட ஒரு நேரத்துக்குக் கால் சுத்து திருப்புங்க, மறுநாள் வரைக்கும் விட்டுட்டு மறுபடி பாருங்க. திரும்ப மாட்டேங்குதுன்னா பலம் காட்டாதீங்க, ராடு முறிஞ்சா விக்கறதா வேண்டாமாங்கற பேச்சே முடிஞ்சு போச்சு.

பேட்டரி போட்டு ஓடற ஆக்டிவ் பேஸா இருந்தா பின்னாடி மூடியக் கழட்டி 9 வோல்ட் பேட்டரியப் பாருங்க, வருஷக்கணக்கா கெடந்தா கசிஞ்சு க்ளிப்பத் தின்னுருக்கும். வால்யூம் குமிழ் கரகரன்னா காண்டாக்ட் க்ளீனர் ஒரு சொட்டு, பத்து தடவ திருப்பினா சரியாயிரும்.

இப்ப பரீட்சை. பேகுக்குள்ள திருப்பி வெக்காதீங்க, ஈரத்த உள்ள புடிச்சு வெக்கறதே அந்தப் பேகுதான். ஹால்ல ஒரு ஸ்டாண்டு போட்டு வெளிய நிறுத்துங்க, ஓதம் ஏறின செவுத்துல சாய்க்க வேண்டாம், ஹீட்டர் பக்கத்துலயும் வேண்டாம். ஒரு மண்டலம், 48 நாள். நீங்களா கைய நீட்டி எடுத்த அன்னிக்கு நாள்காட்டித் தாள்ல பென்சில்ல ஒரு புள்ளி. பரீட்சைக்காக எடுத்தது கணக்குல வராது, பொய் சொன்னா உங்களுக்குத்தான் நஷ்டம்.

ஆனா வெறும் புள்ளிய மட்டும் எண்ணினா ஏமாந்துருவீங்க. சாதா கிடார்னா தனியா உக்காந்து நாலு கார்டு (சேத்து வாசிக்கற சுரக்கூட்டு) போட்டுப் பாடிக்கலாம், பேஸ் அப்படி இல்லீங்க, ஒத்தையா வாசிச்சா பக்கத்து வீட்டுல யாரோ மேஜை நகத்தற மாதிரிதான் கேக்கும். இளையராஜா பாட்டுல பேஸ் எவ்ளோ பேசுதுன்னு நமக்கெல்லாம் தெரியும், ஆனா சுத்தி தபேலாவும் வயலினும் இருக்கறதாலதான் அந்தப் பேச்சு. (ராஜா பாட்டோட சேந்து வாசிச்சுப் பழகறவங்க ஹெட்ஃபோன்ல கேளுங்க, ஈ கம்பியோட அடி சுருதி 41 ஹெர்ட்ஸ், ஃபோன் ஸ்பீக்கர்ல அது வரவே வராது, பேஸ் லைன் காணோம்னு தேடிட்டு இருப்பீங்க.) அதனால புள்ளிக்குப் பக்கத்துலயே அன்னிக்குக் கூட யாரு இருந்தாங்கன்னும் எழுதுங்க. கடைசி பஸ்சுக்குள்ள போய் வர்ற தூரத்துல சர்ச் காயரோ கல்யாண ஆர்கெஸ்ட்ராவோ ஒரு கீபோர்டுக்காரரோ இருக்காங்களா? யாருமே இல்ல, தேடவும் மனசில்லன்னா விக்கறதுதான் நியாயம்.

"பழசானா வெல ஏறும்"னு சிலர் வெச்சிருக்காங்க. ஃபெண்டர் கம்பெனி 1951ல கொண்டுவந்த ப்ரெசிஷன் பேஸோட ஆரம்பகாலப் பீஸ்னா ஏறும், நாம வாங்கின, புதுசா கத்துக்கறவங்களுக்கான யமஹாவும் ஐபனேஸும் கோத்தகிரில வாங்கிப் போட்ட அஞ்சு சென்ட் நெலம் இல்ல. இப்ப வித்தா என்ன கெடைக்கும், நாளைக்கு ஆசை வந்து அதே மாதிரி வாங்கணும்னா என்ன ஆகும், இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தொகைய மட்டும் பாருங்க. அந்த வித்தியாசத்த ஒரு நாள் வருத்தப்படாம கட்டிருவீங்கன்னா தாராளமா வித்துருங்க.

விக்கறவங்க ஐப்பசி மழைக்கு முந்தியே விக்கப் பாருங்க, மழை புடிச்சா ரோடு எப்ப மூடும்னே சொல்ல முடியாது, கிறிஸ்துமஸுக்குக் காயர்ல தேடறவங்களும் அந்த நேரத்துலதான் தேட ஆரம்பிப்பாங்க. கீழ இருக்கறவன் இ-பாஸ் எடுத்து கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வந்து பாப்பான்னு காத்திருக்க வேண்டாம், 33 கிலோமீட்டர் எறங்கி மேட்டுப்பாளையத்துலயே பாக்கறதுன்னு பேசிக்கிங்க. ஃபோட்டோல ஃப்ரெட் தேய்மானம், கழுத்தோட பின்பக்கம், சீரியல் நம்பர், அடிபட்ட எடம் எல்லாம் காட்டிருங்க, மறைச்சு வெச்சா நேர்ல வந்து அதையே புடிச்சுத் தொங்குவான். பார்சல்ல அனுப்பினா கம்பியக் கொஞ்சம் தளத்தி, கழுத்துத் தலைக்கு அடில துணி சுருட்டி வெச்சுக் கட்டுங்க.

என் கணக்கு வந்து, 48 நாள்ல 13 புள்ளி, அதுல ஒம்பது, எதுத்த வீட்டுப் பையன் சாயங்காலம் கீபோர்ட தூக்கிட்டு வந்த நாள். மீதி நாலும் கரண்ட் போன ராத்திரி. அவன் ப்ளஸ் டூ முடிச்சு ஊர விட்டுப் போறவரைக்கும் விக்கறதில்லன்னு முடிவு பண்ணிருக்கேன், அதுக்கப்புறம் இன்னொரு மண்டலம். பேஸ் இப்ப ஹால்ல நிக்குது, பீரோ மேல கம்பளி வந்தாச்சு.