ஜெர்மனியில் ஃபெலோஷிப்: கையெழுத்திடுவதற்கு முன் மருத்துவக் காப்பீட்டைப் பாருங்கள்

ஃபெலோஷிப் பெற்று ஜெர்மனிக்கு வர இருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, மாதம் எவ்வளவு யூரோ கைக்கு வரும், அதில் குடும்பத்தோடு வாழ முடியுமா என்பதுதான். இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் அந்தத் தொகை சட்டத்தின் பார்வையில் சம்பளமா, உதவித்தொகையா என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. மருத்துவக் காப்பீடு, மனைவி மக்களை அழைத்துவருவது, வீடு பிடிப்பது, பின்னாளில் நிரந்தர வசிப்புரிமை பெறுவது ஆகிய அனைத்தும் அந்தக் கேள்வியின் விடையைப் பொறுத்தே அமைகின்றன. என் நண்பர் ஒருவரின் குடும்பம் இதனால் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தேன். அடுத்து வருகிறவர்களும் அதையே படக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

விண்ணப்ப நடைமுறைகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பணி அனுபவம் உள்ளவர்களுக்கு இரண்டு வழிகள் முக்கியமானவை. அலெக்சாண்டர் ஃபொன் ஹம்போல்ட் அறக்கட்டளையின் ஜெர்மன் சான்சலர் ஃபெலோஷிப், இந்தியா, பிரேசில், சீனா, தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் குடிமக்களுக்கானது. இளநிலைப் பட்டம் பெற்று 12 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. செய்யப்போகும் திட்டத்தையும் அதற்கு இடமளிக்கும் ஜெர்மன் நிறுவனத்தையும் நாமே தேடிக்கொள்ள வேண்டும். ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டிஏஏடி நடத்தும் எபோஸ் திட்டம், வளரும் நாடுகளில் பணியாற்றுவோருக்கான முதுநிலைப் படிப்புகளுக்குரியது. அதற்குக் குறைந்தது 2 ஆண்டு பணி அனுபவம் வேண்டும். பட்டம் பெற்று 6 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் சான்சலர் ஃபெலோஷிப் இல்லை. ஆனால் முனைவர் பட்டம் பெற்றவர்கள் ஹம்போல்ட் ஆய்வு ஃபெலோஷிப்புக்கு எந்த நாட்டிலிருந்தும் விண்ணப்பிக்கலாம்.

இடமளிக்கும் நிறுவனத்தின் கடிதத்தை மட்டும் எளிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம்மூரில் பரிந்துரைக் கடிதம் என்றால், "நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்று பேராசிரியரோ மேலதிகாரியோ சொல்வதும், நாம் பழைய கடிதம் ஒன்றில் பெயரை மாற்றி அச்செடுத்துப் போவதும் வழக்கமாகிவிட்டது. இங்கே தேர்வுக் குழுவினர் அந்தக் கடிதத்தை வரி வரியாகப் படிக்கிறார்கள். உங்கள் திட்டம் அந்த நிறுவனத்துக்கு ஏன் தேவை, யார் உங்களோடு பணியாற்றுவார், மேசையும் தரவுகளும் எங்கிருந்து கிடைக்கும் என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். ஆகவே கடைசித் தேதிக்குச் சில மாதங்கள் முன்பே அந்த நிறுவனத்தோடு பேச்சைத் தொடங்கிவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. பட்டச் சான்றிதழில் இனிஷியலோடு ஒரு பெயர், கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரிந்து இன்னொரு பெயர், சிலருக்குக் குடும்பப் பெயருக்கான கட்டமே காலி. கடவுச்சீட்டில் உள்ளபடியே எல்லாப் படிவங்களிலும் எழுதுங்கள். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சான்றை ஊரிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆவணம் வெளிநாட்டில் செல்லும்படி உறுதிசெய்யும் அப்போஸ்டில் முத்திரையைச் சான்றிதழ்களுக்கு வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் பிடுங்கும் முகவர்களிடம் ஏமாறாதீர்கள். அந்த முத்திரைக்கான ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் இந்திய அப்போஸ்டில் இங்கே செல்லாது. இது தெரிந்தே அந்த முத்திரையை விற்கிறவர்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. ஜெர்மனியின் பொது நிதியிலிருந்து உதவித்தொகை பெறுகிறவர்களுக்கு விசாக் கட்டணம் இல்லை என்பதையும் நினைவில் வைத்து, விருதுக் கடிதத்தைச் சென்னையில் விசா விண்ணப்பம் கொடுக்கும்போதே காட்டுங்கள்.

இனிச் செய்திக்கு வருகிறேன். நம்மூரில் மருத்துவக் காப்பீடு என்பது அறுவை சிகிச்சை, விபத்து போன்ற பெரிய செலவுகளுக்காக எடுத்து வைப்பது. காய்ச்சல் என்றால் தெருமுனை டாக்டரிடம் முந்நூறு ரூபாய் கொடுத்து மருந்து வாங்கி வந்துவிடுவோம். ஜெர்மனியில் காப்பீடு இல்லாமல் வசிக்கச் சட்டம் இடமளிப்பதில்லை. போதுமான காப்பீடு இருந்தால்தான் வசிப்பு அனுமதியே கிடைக்கும். பணி ஒப்பந்தத்தில் வேலைக்கு வருகிறவர் பொதுவாகக் கிராங்கன்காசே எனப்படும் பொதுக் காப்பீட்டு நிதியத்தில் தானாகவே சேர்ந்துவிடுகிறார். சம்பளத்தில் 14.6 விழுக்காடும் அதற்கு மேல் ஒரு கூடுதல் கட்டணமும் பிடிக்கப்படும். அதில் பாதியை முதலாளி கட்டுவார். வருமானம் இல்லாத மனைவியும் குழந்தைகளும் கூடுதல் பணமின்றி அதே காப்பீட்டில் அடங்குவார்கள். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை நோயையோ கர்ப்பத்தையோ காரணம் காட்டி நிதியம் யாரையும் தள்ளிவிட முடியாது.

உதவித்தொகையில் வருகிறவருக்கு இவை எதுவும் தானாகக் கிடைப்பதில்லை. பொது நிதியிலிருந்து வரும் உதவித்தொகைக்குப் பெரும்பாலும் வருமான வரி இல்லை. முழுத் தொகையும் கைக்கு வரும். அதைத்தான் ஊரில் எல்லோரும் பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் அது சம்பளம் அல்ல என்பதால் சமூகக் காப்பீடும் கிடையாது. விருப்பத்தின் பேரில் பொது நிதியத்தில் சேரலாமே என்றால், அதற்கு முன்பு அப்படியொரு காப்பீட்டில் குறிப்பிட்ட காலம் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. சென்னையிலிருந்து நேரே வந்து இறங்குகிறவருக்கு அது எப்படி இருக்கும்? அவருக்குத் தனியார் காப்பீடு ஒன்றே வழி. அதில் ஆளுக்குத் தனிக் கட்டணம், ஒவ்வொருவருக்கும் உடல்நலக் கேள்விகள். டிஏஏடி தன் உதவித்தொகையாளர்களுக்குக் காப்பீட்டைத் தானே ஏற்பாடு செய்கிறது. ஹம்போல்ட் ஆய்வு ஃபெலோஷிப்பில் காப்பீட்டுக்கென ஒரு பங்குத்தொகை மாதப் பணத்திலேயே சேர்ந்து வருகிறது. எந்தக் காப்பீட்டை எடுப்பது என்பது உங்கள் பொறுப்பு.

என் நண்பர் நகரக் குடிநீர்த் திட்டங்களில் பணியாற்றிய பொறியாளர். அவருடைய ஃபெலோஷிப்பும் இப்படிக் காப்பீட்டை அவர் கையிலேயே விட்ட ஒன்றுதான். முன்பே வந்து குடியேறிய ஒருவர் வாட்சாப்பில், "விசாவுக்கு மலிவானதாக ஒன்றை எடுத்துவிடுங்கள், வந்த பிறகு நல்லதாக மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லியிருந்தார். வெளிநாட்டிலிருந்து வருவோருக்கென்றே விற்கப்படும் காலவரம்புள்ள மலிவுக் காப்பீடு அது. தூதரகம் அதை ஏற்றது. கணவனும் மனைவியும் ஒரே விமானத்தில் வந்து இறங்கினார்கள். சில வாரங்களில் மனைவி கர்ப்பமாக இருப்பது தெரிந்தது. வீட்டில் எல்லோருக்கும் தலைகால் புரியாத மகிழ்ச்சி.

மகப்பேறு மருத்துவரின் வரவேற்பறையில் அவர்களோடு நானும் மொழி உதவிக்காக இருந்தேன். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் காப்பீட்டு அட்டையைக் கேட்டார். நண்பர் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த ஒற்றைத் தாள் சான்றிதழை நீட்டினார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அட்டை இல்லாதவர்களுக்குப் பில் தபாலில் வரும் என்று மட்டும் சொன்னார். பரிசோதனை முடிந்ததும், கர்ப்பிணிகளுக்கு இங்கே வழங்கப்படும் முட்டர்பாஸ் என்னும் கையேட்டில் பிரசவத் தேதியை எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் கையேட்டின் நகலைத்தான் காப்பீட்டு நிறுவனம் பிறகு கேட்டு வாங்கியது. கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கர்ப்ப வாரங்களை எண்ணுவது மருத்துவ வழக்கம். அந்தக் கணக்கின்படி கர்ப்பம் காப்பீடு தொடங்கிய நாளுக்கு முந்தியது, ஆகவே ஒப்பந்தத்தின்படி எந்தச் செலவையும் தர இயலாது என்று நிறுவனம் எழுதிவிட்டது. விதிமுறைகளில் அந்த வரி இருக்கத்தான் செய்தது. ஜெர்மன் மொழியில், சிறிய எழுத்தில், விசாவுக்குக் கொடுத்த சான்றிதழில் இல்லாத ஒரு வரி.

மாற்றிக்கொள்ளலாம் என்ற அறிவுரை அதன் பிறகுதான் பொய்யென்று தெரிந்தது. பொது நிதியம், வேலை ஒப்பந்தம் இல்லாததால் சேர்க்க முடியாது என்றது. முழுமையான தனியார் காப்பீடு தரும் நிறுவனங்கள் கர்ப்பத்தைக் காரணம் காட்டி மறுத்தன. கர்ப்பம் இல்லாத நிலையில் சேர்ந்தால்கூடப் பிரசவச் செலவுக்கு 8 மாதங்கள் வரை காத்திருப்புக் காலம் வைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அரசு நிர்ணயித்த அடிப்படைக் கட்டணத்தைப் பெரும்பாலும் 2.3 மடங்காக்கித்தான் இங்கே மருத்துவர்கள் பொதுக் காப்பீட்டில் இல்லாதவர்களுக்குப் பில் போடுகிறார்கள்; ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு கடித உறை வந்து விழுந்தது. கடைசியில், விமானத்தில் அனுமதிக்கும் வாரங்கள் முடிவதற்குள் மனைவியைத் திருநெல்வேலிக்கு அனுப்பிவைத்தார். பிறந்த மகனை அவர் மாதக்கணக்கில் தொலைபேசித் திரையில்தான் பார்த்தார். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது நம் வழக்கம்தானே என்று ஊரில் பலர் ஆறுதல் சொன்னார்கள். வழக்கம் என்று விரும்பி அனுப்புவதும், வேறு வழியில்லாமல் அனுப்புவதும் ஒன்றாகிவிடாது. அவருக்கு அந்த ஆறுதல் வலியைத்தான் கூட்டியது.

கர்ப்பம் மட்டுமல்ல, சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு ஆகியவற்றுக்கும் இந்த மலிவுக் காப்பீடுகளில் இதே கதிதான். ஏற்கெனவே இருந்த நோய் என்று ஒதுக்கிவிடுவார்கள். நாற்பதைத் தொடும் நம்மவர்களில் எத்தனை பேர் காலையில் ஒரு மாத்திரையாவது போடாமல் இருக்கிறோம்? சொந்த உபயோகத்துக்கு மூன்று மாதத் தேவை அளவுக்குத்தான் மருந்து கொண்டுவரலாம். அதற்குப் பிறகு இங்கே மருத்துவரிடம் போயே ஆக வேண்டும்.

ஆகவே விருதுக் கடிதம் வந்ததும் கையெழுத்திட்டு அனுப்பிவிடாமல், இடமளிக்கும் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். உதவித்தொகைக்குப் பதிலாகப் பணி ஒப்பந்தமாகவோ, உதவித்தொகையோடு சிறிய பகுதிநேரப் பணி ஒப்பந்தமாகவோ தர முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். உதவித்தொகையின் விதிகள் அதற்கு இடம் தருகின்றனவா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இப்படிக் கேட்பது இங்கே மரியாதைக் குறைவு அல்ல. ஜெர்மனியின் பெரிய ஆய்வு அமைப்பான மாக்ஸ் பிளாங்க் கழகமே 2015இல் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு உதவித்தொகையை விட்டு ஒப்பந்த முறைக்கு மாறியது. பணி ஒப்பந்தத்தில் கைக்கு வரும் தொகை குறையும். ஆனால் மருத்துவக் காப்பீட்டோடு ஓய்வூதியப் பங்களிப்பும் சேரும். பொது விதியின்கீழ் நிரந்தர வசிப்புரிமை கேட்பவர் 60 மாத ஓய்வூதியப் பங்களிப்பைக் காட்ட வேண்டும்; உதவித்தொகையில் கழிந்த மாதங்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

ஒப்பந்தம் கிடைக்காது என்றால் முழுமையான தனியார் காப்பீட்டை, விலை கூடுதலாக இருந்தாலும், ஊரிலிருக்கும்போதே விசாரித்து எடுங்கள். கர்ப்பம், பழைய நோய்கள், காத்திருப்புக் காலம் ஆகிய மூன்றைப் பற்றியும் நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். உடல்நலக் கேள்விகளுக்கு உண்மையையே எழுதுங்கள். மறைத்தது பிறகு தெரிந்தால் ஒப்பந்தத்தையே முறித்துவிடுவார்கள். வீட்டு உரிமையாளர் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பார். அதற்கு ஈடாக, தொகையையும் காலத்தையும் ஜெர்மன் மொழியில் குறிப்பிட்டு நிறுவனம் தரும் கடிதம் ஒன்றை வந்த வாரமே வாங்கிக்கொள்ளுங்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதியும்போது, தபால்பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெயர் இல்லாத பெட்டியில் காப்பீட்டுக் கடிதமோ வங்கிக் கடிதமோ வந்து சேராது. இங்கே குழந்தை பிறந்தால் இரண்டு மாதத்துக்குள் உங்கள் தனியார் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள். பெற்றோரில் ஒருவர் அங்கே மூன்று மாதம் காப்பீட்டில் இருந்திருந்தால், குழந்தையின் உடல்நிலை எப்படி இருந்தாலும் பிறந்த நாளிலிருந்தே அதைச் சேர்த்தாக வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம்.