பழைய பாவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டாம்

பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது கத்தோலிக்கர் குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவதற்கு, போக முதல், கடைசிப் பாவசங்கீர்த்தனத்துக்குப் பிறகு நடந்ததை மட்டும் ஒரு துண்டில் எழுதுங்கள்: என்ன பாவம், எத்தனை தரம். ஏன், ஆரால் என்ற கதை வேண்டாம். மன்னிப்புக் கிடைத்ததும் துண்டை எரித்துவிடுங்கள்.

திருச்சபைச் சட்டத்தின் 988ஆம் இலக்கம் கட்டாயமாகக் கேட்பது, இன்னும் அறிக்கையிடாத சாவான பாவங்களின் (தெரிந்தே, மனதாரச் செய்த பெரிய பாவங்களின்) வகையையும் எண்ணிக்கையையும்தான். மன்னிக்கப்பட்டது பிறகும் மனதை அரித்தால், அது வெறும் நினைவு, கடன் அல்ல. மறந்துபோனதை, நினைவு வந்தால் அடுத்த முறை சொன்னால் போதும்.

தெரிந்தே மறைத்த பாவத்துக்கு இது பொருந்தாது. அதை மறைத்த பாவசங்கீர்த்தனத்திலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும். அடுத்தவர் காசையோ காணியையோ எடுத்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய பெரிய கிழமையில் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் கோவில்களில் வரிசை நீளும், அதற்கு முன் வரும் தவக்காலத் தொடக்கத்திலேயே போனால் சுவாமிக்கும் (குருவுக்கும்) ஆறுதலாகக் கேட்க நேரமிருக்கும்.