கியூஜிஐஎஸ் பழக உங்கள் ஊர் ஏரி போதும்

ஜிஐஎஸ், அதாவது இடங்களையும் அவற்றின் விவரங்களையும் கணினி வரைபடத்தில் சேர்த்துக் கையாளும் முறை, அதைக் கற்றுக்கொள்ள எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். பயிற்சிப் பாடங்களோடு வரும் மாதிரித் தரவில் எந்த நாட்டு மாவட்டங்களோ இருக்கும், அதில் தப்பு நடந்தாலும் நமக்குத் தெரியாது. உங்கள் ஊர் ஏரி என்றால் மதகு எந்தப் பக்கம், கலங்கல் எங்கே, எந்த மூலையில் மண் கொட்டி மேடாக்கிவிட்டார்கள் என்பதெல்லாம் அத்துப்படி. திரையில் ஏதாவது பிசகினால் கண் உடனே பிடித்துவிடும்.

மென்பொருளுக்கு கியூஜிஐஎஸ் போதும். 2002-ல் கேரி ஷெர்மன் தொடங்கிய திறமூலத் திட்டம், காசு கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். பதிவிறக்கும்போது புத்தம்புதுப் பதிப்பை விட்டுவிட்டு நீண்டகால ஆதரவுப் பதிப்பை எடுங்கள். திறந்து புதுப் புராஜெக்ட் தொடங்கியதும் இடப்பக்க பிரவுசர் பேனலில் எக்ஸ்ஒய்இசட் டைல்ஸ் என்று ஒன்று இருக்கும், அதை விரித்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை இரட்டைக் கிளிக் செய்தால் உலக வரைபடம் வந்துவிடும், உங்கள் ஊர் வரை பெரிதாக்கிக்கொண்டு போங்கள்.

இனி லேயர். ஒவ்வொரு வகைப் பொருளும் தனித்தனி லேயர், ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள் அடுக்கியது போல. மதகு ஒரு புள்ளி, வரத்துக் கால்வாய் ஒரு கோடு, ஏரி ஒரு பரப்பு, இந்த மூன்றும் வெக்டர். செயற்கைக்கோள் படம் சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது, அது ராஸ்டர். வெக்டரில் ஒவ்வொரு உருவத்தோடும் அட்டவணையில் ஒரு வரி ஒட்டிக்கொண்டிருக்கும்: பெயர், ஆழம், கடைசியாகத் தூர்வாரிய வருடம் என்று எதை வேண்டுமானாலும் எழுதலாம். வெறும் படம் வரைவதற்கும் ஜிஐஎஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசமே இந்த அட்டவணைதான்.

புது லேயரை எந்த வடிவத்தில் சேமிப்பது என்று கேட்கும். பலரும் பழக்கத்தில் ஷேப்ஃபைல் என்பார்கள், நீங்கள் ஜியோபேக்கேஜ் எடுங்கள், குறிப்பாகத் தமிழில் எழுதப் போகிறீர்கள் என்றால். ஷேப்ஃபைலில் பத்தித் தலைப்புக்குப் பத்து பைட்தான் இடம், யூனிகோட் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிக்கும். 'மதகு' என்பதில் ம, த, க, உகரக் குறி என நான்கு, ஆக 12 பைட், அந்தச் சின்னச் சொல்லே அதில் அடங்காது! போதாததற்கு, ஒரு ஷேப்ஃபைல் என்பது குறைந்தது மூன்று நான்கு கோப்புகள், அனுப்பும்போது ஒன்று விட்டுப்போனாலும் தலைவலி. ஜியோபேக்கேஜில் எல்லாம் ஒரே கோப்புக்குள் இருக்கும், தமிழும் உடையாது.

அடுத்தது ஆள் திணறும் இடம், அதனால் இங்கே நிதானமாகப் போங்கள்: ஆயத்தொலை முறை, சிஆர்எஸ் என்பார்கள். உருண்டையான பூமியைத் தட்டைத் திரையில் எப்படி விரிப்பது என்பதற்கான ஒப்பந்தம் அது, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. கைபேசி ஜிபிஎஸ் தருவது 4326, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை, அலகு டிகிரி. இடம் காட்ட அது சரி, ஆனால் அதைத் தட்டைத் தளமாகவே வைத்துப் பரப்பு கணக்கிட்டால் விடை சதுர டிகிரியில் வரும், 40 ஹெக்டேர் ஏரிக்கு 0.000033 என்று ஓர் எண் வந்து நிற்கும். மீட்டரில் வேண்டுமென்றால் யூடிஎம் எடுக்க வேண்டும், உலகை நெடுக்கு மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை அது. தமிழ்நாட்டுக்கு 78 டிகிரி தீர்க்கரேகைதான் பிரிகோடு: அதற்குக் கிழக்கே 44-ஆம் மண்டலம், எண் 32644, மேற்கே 43, எண் 32643. சென்னை, திருச்சி, மதுரை கிழக்கே வரும், கோவை, ஈரோடு, திருநெல்வேலி மேற்கே. திண்டுக்கல்காரர்கள் மட்டும் கவனம், நகரம் கோட்டை ஒட்டி மேற்கே இருக்கிறது, மாவட்டத்தின் ஒரு பகுதி கிழக்கே போய்விடும். இலங்கை முழுக்க 44-லேயே அடங்கிவிடும்.

இதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று. 4326-ல் இருக்கும் லேயரை மீட்டருக்கு மாற்ற நினைத்து, லேயரை வலக்கிளிக் செய்து சிஆர்எஸ்ஸை மட்டும் 32644 என்று மாற்றிவிடுவது. அது டப்பாவுக்குள் உப்பு இருக்க, மேலே சர்க்கரை என்று சீட்டு ஒட்டுவது மாதிரி, உள்ளே எண்கள் அப்படியேதான் இருக்கும், ஏரி எங்கோ கடலில் போய் விழும். சரியான வழி, வலக்கிளிக், எக்ஸ்போர்ட், சேவ் ஃபீச்சர்ஸ் ஆஸ், அங்கே புது எண்ணைக் கொடுத்து இன்னொரு கோப்பாகச் சேமிப்பது.

சரி, வரையலாம். 32644 அல்லது 32643-ல் ஒரு பாலிகன் (பரப்பு) லேயர் உருவாக்கி, பென்சில் பொத்தானை அழுத்தி, கரையோரமாக ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கிளிக். தப்பாக விழுந்தால் பேக்ஸ்பேஸ். சுற்றி முடித்ததும் வலக்கிளிக், விவரம் நிரப்பப் படிவம் திறக்கும். கால்வாயை ஏரியோடு இணைக்கும்போது காந்தப் பொத்தானை அழுத்தி வையுங்கள், இல்லையென்றால் பார்க்க ஒட்டியிருப்பது போலவே இருக்கும், பெரிதாக்கினால் இடைவெளி தெரியும்.

எதைப் பார்த்து வரைவது என்பதும் முக்கியம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், ஒரு கட்டம் 10 மீட்டர், ஏரிக்குத் தாராளம், வீடு எண்ண உதவாது. ஆனால் மே மாதப் படத்தையும் டிசம்பர் படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், ஒரே ஏரி இரண்டு உருவத்தில் இருக்கும். தண்ணீர் நிற்கும் எல்லை வேறு, ஏரியின் எல்லை வேறு. எதை வரைந்தீர்கள், எந்தத் தேதிப் படம் என்று அட்டவணையில் எழுதியே ஆக வேண்டும். கோடைத் தண்ணீரை வரைந்துவிட்டு அதுதான் ஏரி என்று காட்டினால், காய்ந்து கிடக்கும் நிலத்தை ஆக்கிரமிப்பவருக்கு நாமே சாட்சி சொன்னதாகிவிடும். சட்டப்படியான எல்லைக்கு வருவாய்த் துறையின் நில அளவை வரைபடமான புலப்படம்தான் ஆதாரம், நாம் வரைவது அதற்கு மாற்று இல்லை.

பரப்பு கணக்கிட ஃபீல்டு கால்குலேட்டரைத் திறந்து, ஜியாமெட்ரி பிரிவில் டாலர் குறியோடு இருக்கும் ஏரியாவை எடுத்து 10,000-ஆல் வகுத்தால் ஹெக்டேர், 4046.86-ஆல் வகுத்தால் ஏக்கர்.

அப்புறம் எக்செல்லில் இருக்கும் இடங்களைக் கொண்டுவருவது. சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணையாகச் சேமித்து டிலிமிட்டட் டெக்ஸ்ட் வழியாக ஏற்றினால் புள்ளிகள் வந்துவிடும், எக்ஸ் என்பது தீர்க்கரேகை, ஒய் என்பது அட்சரேகை. நாம் பேச்சில் அட்சரேகையைத்தானே முதலில் சொல்கிறோம், அந்தப் பழக்கத்தில் மாற்றிப் போட்டுவிட்டால் சென்னை போய் ஸ்வால்பார்ட் தீவுகளின் வட முனைப் பக்கம் ஆர்க்டிக் கடலில் உட்காரும்.

கடைசியாக, சேமிப்பது. புராஜெக்ட் கோப்புக்குள் உங்கள் தரவு இருக்காது, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற முகவரியும் வண்ணங்களும்தான் இருக்கும். நண்பருக்கு அதை மட்டும் அனுப்பினால் அவருக்கு எதுவும் திறக்காது, ஜியோபேக்கேஜையும் சேர்த்து ஒரே ஃபோல்டராக அனுப்புங்கள். தற்காலிக லேயரிலும் கவனம், ஒரு முறை ஒரு மதியம் முழுக்க வரைந்த வாய்க்கால்களை அதில் வைத்துவிட்டு, மூடும்போது வந்த எச்சரிக்கையைப் படிக்காமல் சரி கொடுத்து மொத்தத்தையும் இழந்தேன். லேயர் பெயருக்குப் பக்கத்தில் சின்னச் சிப் படம் தெரிந்தால் அது தற்காலிகம், அதையே கிளிக் செய்து நிரந்தரமாக்கிவிடலாம்.

இவ்வளவும் கைவந்ததும் கியூஃபீல்டு செயலியைக் கைபேசியில் போட்டு, உங்கள் புராஜெக்டை ஏற்றிக்கொண்டு காலை வெயில் ஏறுவதற்குள் கரைமேல் ஒரு சுற்று நடந்து வாருங்கள். மதகுப் புள்ளி நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி இருந்தால் அது கைபேசி ஜிபிஎஸ்ஸின் வழக்கமான பிசகு, நூறு மீட்டர் தள்ளி இருந்தால் வீட்டுக்கு வந்து சிஆர்எஸ்ஸைத் திரும்பப் பாருங்கள்.